மகளுக்கும் உண்டு அந்தச் சாலை

ஃபஜ்ர் தொழுகை முடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகனுடன் சைக்கிள் மிதிக்கும் தந்தையரைக் காண்கிறோம், மகிழ்கிறோம். கைப்பேசி குறுக்கிடாத அந்த ஒரு மணி நேரத்தில், வீட்டில் பேசாததையும் பிள்ளைகள் பேசிவிடுகிறார்கள். ஆனால், மகள் பன்னிரண்டு வயதை எட்டியதும் அவளது சைக்கிள் மட்டும் ஏன் வாசலோரம் துருப்பிடிக்கிறது?

நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை நாம் மதரஸாக்களில் கற்பிக்கிறோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றனர். அவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். கண்ணியமான உடைக்கும் சைக்கிளுக்கும் பகையில்லை. துணி சிக்காதிருக்க ஒரு செயின் கவர் போதும்.

சாலையைப் பற்றிய அச்சம் நியாயமானதே. அதற்குத் தீர்வு தடுப்பதன்று, உடன் செல்வது. தலைக்கவசம் அணிவித்து, சாலையின் இடப்புறமாக மகளை முன்னே விட்டு, அவளது வேகத்திலேயே தந்தை பின்தொடரட்டும்.

பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு மார்க்கம் நமக்குக் கட்டளையிடுகிறது. அந்த நீதி அன்பளிப்பில் மட்டுமன்று. நாம் அவர்களுக்கு அளிக்கும் நேரத்திலும் வேண்டும்.