தடுப்பூசி போட்டால் மட்டும் போதுமா?

வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும் என்பர். இரணைமடுக் குளத்தை நம்பி வயல் செய்யும் வன்னி மக்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. அணையைக் கட்டிவிட்டால் மட்டும் போதாது, அது நீரைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் அறிவர். வைத்தியசாலைகளில் பணிபுரிவோருக்கு வழங்கப்படும் ஈரலழற்சி பி தடுப்பூசிக்கும் இது பொருந்தும் என்பதே எனது கருத்தாகும்.

ஈரலழற்சி பி என்பது ஈரலைத் தாக்கும் ஒரு வைரசு நோயாகும். இவ்வைரசு குருதி மூலமும் ஏனைய உடற்பாய்பொருள்கள் மூலமும் பரவுகின்றது. தொற்று நாட்பட்டு நிலைத்துவிட்டால் ஈரல் சிதைவும் ஈரல் புற்றுநோயும் ஏற்படலாம். உடலுக்கு வெளியேயும் இவ்வைரசு குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. தடுப்பூசி பெறாத ஒருவரை, தொற்றுள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால், அவருக்கு நோய் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 வீதம் வரை ஆகும். எச்.ஐ.வி. வைரசைப் பொறுத்தவரை இது 0.3 வீதம் மட்டுமே.

இலங்கையில் 2003ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இத்தடுப்பூசி படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே இன்று சாதாரண தரத்தில் கற்கும் மாணவர்களாகிய நீங்கள் பெரும்பாலும் இதனைக் குழந்தைப் பருவத்திலேயே பெற்றிருப்பீர்கள். ஆனால் அதற்கு முன்னர் பிறந்த தாதியரோ சிற்றூழியரோ குழந்தைப் பருவத்தில் இதனைப் பெறவில்லை. அவர்கள் வளர்ந்த பின்னரே மூன்று தடவைகள் பெற வேண்டும். முதலாவது ஊசியிலிருந்து ஒரு மாதத்தில் இரண்டாவதும், ஆறு மாதத்தில் மூன்றாவதும் வழங்கப்படும்.

மூன்று ஊசிகளையும் பெற்ற அனைவருக்கும் நிர்ப்பீடனம் கிடைத்துவிடுமா? இல்லை. வளர்ந்தோருள் ஏறத்தாழ 5 முதல் 10 வீதமானோரின் உடலில் போதிய பிறபொருளெதிரிகள் உருவாவதில்லை. இதனைக் குருதிப் பரிசோதனை மூலமே அறியலாம். கடைசி ஊசி பெற்று ஒன்று அல்லது இரண்டு மாதங்களின் பின் செய்யும் பரிசோதனையில், ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லி சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு எனக் கொள்ளலாம். குறைவாக இருந்தால் மீண்டும் ஊசிகள் வழங்கப்படும்.

வன்னியில் இப்பரிசோதனைக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டு வரை நீடித்த யுத்தத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் வீடுவாசல்களை விட்டு மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். பிறப்புச் சான்றிதழையே இழந்தவர்களிடம் தடுப்பூசி அட்டையை எவ்வாறு கேட்பது? அட்டை தொலைந்தாலும் குருதி பதில் சொல்லும்.

“கையுறை அணிந்தால் போதாதா?” எனச் சிலர் கேட்பர். கையுறை அவசியமானதே. ஆனால் ஊசிமுனை அதனைத் துளைத்துவிடும். “பரிசோதனைக்குச் செலவாகுமே” என்பது இன்னொரு வாதம். ஒரு தாதி நோயுற்றால் ஏற்படும் இழப்புடன் ஒப்பிடுகையில் இச்செலவு சிறிதே. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து நெடுந்தூரம் பயணித்து வரும் நோயாளிக்கு அந்தத் தாதியின் இடம் வெறுமையாக இருப்பது பேரிழப்பாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1983இல் ஏறத்தாழ 17,000 சுகாதாரப் பணியாளர்களுக்கு இந்நோய் தொற்றியதாக மதிப்பிடப்பட்டது. 1995இல் அத்தொகை ஏறத்தாழ 400 ஆகக் குறைந்தது. பணியாளருக்கு இத்தடுப்பூசியை இலவசமாக வழங்க முன்வர வேண்டும் என 1991இல் தொழில் வழங்குநர்களுக்கு அங்கு விதிக்கப்பட்டமை இதற்குத் துணைபுரிந்தது.

ஆகவே, வைத்தியர், தாதியர் மட்டுமன்றி, கழிவுகளை அகற்றும் சுத்திகரிப்புத் தொழிலாளரும் ஊசியையும் பரிசோதனையையும் பெற வேண்டும். வீசப்பட்ட ஊசி முதலில் குத்துவது பெரும்பாலும் அவர்களது கையையே. உங்களில் சிலர் நாளை வவுனியா தாதியர் பயிற்சிக் கல்லூரிக்குச் செல்லலாம். அப்போது, “ஊசி போட்டாயிற்றா?” என்ற வினாவுடன் நின்றுவிடாது, “நிர்ப்பீடனம் உண்டா?” என்றும் கேளுங்கள்.

பயிற்சி
1. தடுப்பூசி பெறுவதற்கும் நிர்ப்பீடனம் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. “கையுறை அணிந்தால் போதும்” என்னும் வாதத்துக்கு உமது மறுப்பை ஐந்து வசனங்களில் எழுதுக.