தாதிமை பயிலத் திரும்பும் பட்டதாரியும் "சேவை" என்னும் சொல்லும்



என்னிடம் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் பயின்றவர்களுள் மூவர், கடந்த ஈராண்டுக்குள் தாம் பார்த்துவந்த வேலையை விட்டுத் தாதிமை பயில விண்ணப்பித்திருக்கின்றனர். ஒருவர் வங்கியில் பணியாற்றியவர், ஒருவர் பொறியாளர், மற்றொருவர் விற்பனைத் துறையில் இருந்தவர். மூவரும் பட்டதாரிகள், முப்பது வயதைக் கடந்தவர்கள். இச்செய்தியைக் கேட்கும் நம்மவரிடமிருந்து எழும் குரல்கள் இரண்டே. "இதற்காகவா பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தோம்?" என்பது ஒன்று. "ஆகா, எத்துணைப் பெரிய சேவை!" என்பது மற்றொன்று.

முதற்குரல் இகழ்கிறது, இரண்டாம் குரல் புகழ்கிறது. ஆயினும் இரண்டும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை என்றே நான் கருதுகிறேன். தாதிமைக்கு நல்ல மனம் போதும், பெரிய படிப்பு வேண்டியதில்லை என்பதே அவ்வெண்ணம். அதனை நாம் மாற்றிக்கொள்ளாதவரை, தொழில் மாற விரும்பும் நம் பிள்ளைகளுக்கு உருப்படியான உதவி எதனையும் நம்மால் செய்ய இயலாது.

கட்டுரைத் தாளில் தொடங்கும் பழக்கம்

"என் இலட்சியம்" என்னும் தலைப்பில் கட்டுரை திருத்தாத தமிழாசிரியர் இருக்க முடியாது. மருத்துவராக விரும்பும் மாணவன் ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்ப்பான். ஆசிரியராக விரும்பும் மாணவி அறியாமை இருளை அகற்றுவாள். தாதியாக விரும்புபவள் இன்முகத்தோடு நோயாளிகளுக்குச் சேவை செய்வாள். மருத்துவராவதற்கு எத்தனை ஆண்டு படிக்க வேண்டும் என்று இரண்டு வரியாவது வரும். தாதி என்ன படித்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரியும் வருவதில்லை.

புளோரன்ஸ் நைட்டிங்கேலை நாம் "விளக்கேந்திய மங்கை" என்று மட்டுமே பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்கிறோம். அவர் கிரிமியப் போரில் மாண்ட வீரர்களின் கணக்கைத் தொகுத்தவர். அவர்களுள் பெரும்பாலோர் காயங்களால் மாளவில்லை, தடுத்திருக்கக்கூடிய நோய்களாலேயே மாண்டனர் என்பதை வரைபடமாக வரைந்து அரசுக்கு உணர்த்தியவர். 1858ஆம் ஆண்டில் லண்டன் புள்ளியியல் கழகம் தன் முதல் பெண் உறுப்பினராக அவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் ஏந்திய விளக்கு நம் நினைவில் நின்றது. அவர் வரைந்த வரைபடம் நிற்கவில்லை.

நம் மரபு இவ்வளவு குறுகிய பார்வை உடையதன்று. திருக்குறளின் "மருந்து" அதிகாரத்தின் இறுதிக் குறள், அதாவது 950ஆம் குறள், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகிய மூன்றனோடு அருகிருந்து மருந்தளிப்பவனையும் அது சேர்த்து எண்ணுகிறது. அக்குறளுக்கு உரையெழுதிய பரிமேலழகர், அருகிருப்பவனுக்கு வேண்டிய பண்புகள் நான்கு என்கிறார். நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் திறன், அறிவு என்பன அவை. நான்கில் அன்பு ஒன்று, அறிவும் ஒன்று. நாம் அன்பை வைத்துக்கொண்டு அறிவைக் கைவிட்டோம்.

அந்த அறிவு எத்தகையது?

ஒரு வார்டில் இரவுப் பணியில் இருக்கும் தாதியை எண்ணிப் பாருங்கள். அறுவை சிகிச்சை முடிந்த நோயாளி ஒருவர் உறங்குகிறார். காய்ச்சல் இல்லை; இரத்த அழுத்தமும் இயல்பாகவே உள்ளது. ஆனால் மாலையில் நிமிடத்திற்குப் பதினாறாக இருந்த மூச்சு இப்போது இருபத்து நான்காக ஏறியிருக்கிறது. உடல் சீர்குலையத் தொடங்குவதைப் பல நேரங்களில் மூச்சின் எண்ணிக்கையே முதலில் காட்டிக்கொடுக்கும். அதனை எண்ணத் தெரிய வேண்டும். எண்ணியதன் பொருள் புரிய வேண்டும். நள்ளிரவில் மருத்துவரை எழுப்பி உரிய சொற்களில் தெரிவிக்கும் துணிவும் வேண்டும். இன்முகம் மட்டும் இருந்தால் அந்த நோயாளி இன்முகத்தோடு கைவிடப்படுவார்.

இதற்குச் சான்றும் உண்டு. லிண்டா எய்க்கன் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 422,730 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, 2014இல் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு மருத்துவமனையில் பட்டம் பெற்ற தாதியரின் விகிதம் 10 விழுக்காடு கூடும்போது, நோயாளி 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒரு தாதியின் பொறுப்பில் மேலும் ஒரு நோயாளி கூடும்போது அவ்வாய்ப்பு 7 விழுக்காடு அதிகமாக இருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இத்தகைய ஆய்வு முற்றாக நிறுவிவிடாது. எனினும் "தாதிக்கு எதற்குப் பட்டம்?" என்று கேட்பவர்கள் இந்த எண்களுக்கு ஒரு விடை சொல்லியாக வேண்டும்.

பட்டதாரிகளுக்குத் திறந்துள்ள வழிகள்

சிங்கப்பூரில் தாதிமைக் கல்வி படிப்படியாக உயர்ந்துவந்துள்ளது. 1992இல் அது நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு மாறியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் லீ தாதிமைக் கல்வி மையம் 2005இல் அமைக்கப்பட்டு, 2006இல் முதல் பட்டப்படிப்பு மாணவர்களைச் சேர்த்தது. ஏற்கெனவே வேறு துறையில் பட்டம் பெற்றுத் தொழில் மாற விரும்புவோருக்காக அங்கே ஈராண்டுப் பட்டப்படிப்பு வழி 2018இல் தொடங்கப்பட்டது. நன்யாங்கில் பட்டயப் படிப்பு வழியும் உண்டு. தொழில் மாறுவோருக்கான அரசாங்கத் திட்டத்தின்கீழ்த் தேர்வு பெறுவோருக்குக் கட்டணமும் பயிற்சிக் காலப் படித்தொகையும் கிடைக்கும். அதற்கு ஈடாக, பயிற்சி முடிந்ததும் குறிப்பிட்ட காலம் பணியாற்ற ஒப்பந்தம் உண்டு. இத்திட்டம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது.

வெளிநாடு செல்ல எண்ணுவோரும் உளர். இங்கிலாந்தில் தாதியாகப் பதிவு பெற 2,300 மணி நேரக் கல்வியும் 2,300 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் வேண்டும். பட்டதாரியின் முந்தைய கல்வியையும் அனுபவத்தையும் மதிப்பிட்டு, படிப்பில் பாதி வரை கழித்துக்கொள்ள அங்குள்ள விதிகள் இடமளிக்கின்றன. மூன்றாண்டுப் படிப்பை இரண்டாண்டில் முடிக்க முடிவது இதனால்தான். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன், சிட்னி முதலிய பல்கலைக்கழகங்கள் பிற துறைப் பட்டதாரிகளுக்கு ஈராண்டு முதுகலைப் படிப்பை நடத்துகின்றன. குறைந்தது 800 மணி நேரச் செய்முறைப் பயிற்சி அங்குக் கட்டாயம். அமெரிக்காவில் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை நீளும் விரைவுப் படிப்புகள் உள்ளன. ஆனால் உடற்கூற்றியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் ஆகிய பாடங்களை முன்னரே முடித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகள் கேட்கின்றன.

இவற்றுள் எதுவும் குறுக்கு வழியன்று. ஆண்டுகள் குறைந்தாலும் பாடம் குறைவதில்லை. அதே சுமையைக் குறுகிய காலத்தில் சுமக்க வேண்டும் என்பதே பொருள். நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆகவே உறவினர் சொன்னதை நம்பாமல், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்ப்பதே முறை.

விண்ணப்ப உரையில் எழுத வேண்டியது

மேலே குறிப்பிட்ட வங்கிப் பணியாளர் தம் விண்ணப்ப உரையை எனக்குக் காட்டினார். ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தாலும், அதன் அமைப்பு நம் "என் இலட்சியம்" கட்டுரையின் அமைப்பேதான். சேவை என்று பொருள்படும் சொல் ஒரே பக்கத்தில் ஏழு முறை வந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்த தம் தந்தையை நான்காண்டுகள் உடனிருந்து கவனித்தவர் அவர். அந்த நான்காண்டுகளுக்கு அவ்வுரையில் ஒரே வாக்கியம்தான் கிடைத்திருந்தது.

"அப்பாவின் எடையை வீட்டில் யார் பார்த்தது?" என்று கேட்டேன்.

"நான்தான், சார். தினமும் காலையில் பார்த்து நோட்டில் எழுதிவைப்பேன். ஒருநாள் இரண்டு கிலோ கூடியிருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு வாங்கியது. இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துத் தாதியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் நான்கே கேள்விகள் கேட்டார். உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொன்னார். அந்த நான்கு கேள்விகளை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், சார். அன்றைக்குத்தான் இந்தப் படிப்பு வேண்டும் என்று தோன்றியது."

"இதை ஏனம்மா எழுதவில்லை?"

"இதெல்லாம் எழுதலாமா, சார்?"

எழுதலாம், இதைத்தான் எழுத வேண்டும். தேர்வுக் குழுவினர் அறிய விரும்புவது, விண்ணப்பிப்பவருக்கு இவ்வேலை என்னவென்று தெரியுமா, கடினமான ஈராண்டுகளில் பாதியில் விட்டுவிடாமல் நிலைத்திருப்பாரா என்பதையே. நல்லவர் என்று தம்மைத் தாமே சொல்லிக்கொள்வதால் இவ்விரண்டும் விளங்கிவிடா. கண்டதும் செய்ததும் எழுதினால் விளங்கும். பழைய தொழிலையும் மறைக்க வேண்டியதில்லை. கோபத்தோடு வரும் வாடிக்கையாளரிடம் பேசிய பழக்கமும், ஓர் எண் பிழையாயினும் கணக்கை மீண்டும் சரிபார்க்கும் ஒழுங்கும் வார்டில் பயன்படுவனவே.

அவர் உரையை மாற்றி எழுதினார். அதனால்தான் இடம் கிடைத்தது என்று நான் கூறமாட்டேன். ஆனால் நேர்முகத் தேர்வில் பெரும்பகுதி அந்த நோட்டைப் பற்றியே நடந்தது என்று பின்னர்ச் சொன்னார். இப்போது முதலாண்டு பயில்கிறார். அவருடைய தாயார் உறவினர்களிடம் இன்னும் "மகள் வங்கியில் வேலை பார்க்கிறாள்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குடும்பத்தினரின் கவலைகள்

அத்தாயாரைக் குறை கூறுவது எளிது. ஆனால் பெற்றோரின் அச்சம் முழுவதும் வீண் கௌரவமன்று. வருமானம் குறையும், வீவக வீட்டுக் கடன் குறையாது. இரவுப் பணியும் வார இறுதிப் பணியும் வரும். தீபாவளியன்றும் வேலை இருக்கும். முப்பத்தைந்து வயதில், தம்மைவிடப் பத்து வயது இளையவரிடம் பணிவோடு கற்க வேண்டும். முதுகுவலி இத்தொழிலில் புதிதன்று. ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலகினால் பணம் திருப்பிக் கட்ட நேரிடும்.

இவற்றைப் பேசத்தான் வேண்டும். "இதற்காகவா படித்தாய்?" என்று ஒரே கேள்வியில் கதவை மூடிவிட்டால், இவற்றுள் ஒன்றையும் பேச இயலாமற் போய்விடும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பயிற்சிக் காலத்தில் வீட்டுச் செலவுக்கு எவ்வளவு வரும்? குழந்தை இருந்தால் இரவில் பார்த்துக்கொள்வது யார்? ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? முடித்தால் சிங்கப்பூர்த் தாதியர் வாரியத்தில் பதிவு பெற முடியுமா? வெளிநாட்டில் படித்தால் இங்கே அது ஏற்கப்படுமா? வார்டில் ஒரு முழுநாளாவது உடனிருந்து பார்த்தாயா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்பது விடையானால், விண்ணப்பத்தைச் சற்று ஒத்திவைப்பதே நல்லது.

எதிர்காலம் இருண்டதன்று என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். 2024 பிப்ரவரியில் சுகாதார அமைச்சு அறிவித்த ஊக்கத்தொகைத் திட்டத்தின்படி, பொதுச் சுகாதாரத் துறையில் தொடர்ந்து பணியாற்றும் 46 வயதுக்கு மேற்படாத தாதியர் 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை பெறலாம். வெறும் தொண்டாக இருந்தால் எந்த அரசும் இவ்வளவு விலை கொடுத்து ஆளைத் தக்கவைத்துக்கொள்ளாது. திறமைக்குத் தட்டுப்பாடு இருப்பதாலேயே கொடுக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

"சேவை" என்னும் சொல்லை அகராதியிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. அச்சொல்லை எழுதியவுடன் சிந்தனை முடிந்துவிட்டதாக எண்ணும் பழக்கத்தைத்தான் நீக்கச் சொல்கிறேன். அடுத்த முறை "என் இலட்சியம்" எழுதச் செய்யும்போது, ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள்: "நீ விரும்பும் வேலையில் இருப்பவர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார்? ஒருவரைக் கேட்டறிந்து எழுதுக." மாணவன் தன் புளோக்கில் இருக்கும் தாதி ஒருவரிடம் போய்க் கேட்கட்டும். அவர் சொல்லப்போவதில் நம் கட்டுரைகளில் இதுவரை வராத சொற்கள் பல இருக்கும். அவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது என்று அவனோடு நாமும் தேடலாம்.

உங்கள் கருத்துகளையும் அறிய ஆவல். குறிப்பாக, வீட்டில் இத்தகைய முடிவெடுத்த பிள்ளை இருக்கும் பெற்றோர்கள் எழுதுங்கள், மற்றவர்களுக்குப் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்