3.5 லட்சம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகலை... 2011-லேயே ஒரு அனிமே சொன்ன கதை! ‘அனோஹனா’ இன்னும் ஏன் பேசப்படுகிறது?

கொளுத்தும் கோடை. எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டு ஹாலில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுகிறான் ஜின்டா. பக்கத்தில் வெள்ளை கவுன் போட்ட ஒரு பெண் அவனை நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள். அவள் பெயர் மென்மா. சின்ன வயசுத் தோழி. பிரச்சினை என்னன்னா, அவள் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டது. வெயிலில் நமக்குத்தான் மூளை குழம்பிவிட்டது என்று நினைக்கிறான் ஜின்டா.

‘அனோஹனா’ இப்படித்தான் தொடங்கும். ஜப்பானிய முழுப் பெயர் ரொம்ப நீளம். ‘அன்று பார்த்த பூவின் பெயர் எங்களுக்கு இன்னும் தெரியாது’ என்று அர்த்தம் சொல்லலாம். 2011 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஃபுஜி டிவியில் வெளியானது. மொத்தமே 11 எபிசோடு. இயக்கம் தட்சுயுகி நாகாய், எழுத்து மாரி ஒகாடா. பேய் வருகிறது, ஆனா பயமுறுத்தும் கதை இல்லை. அழ வைக்கும் அனிமே பட்டியல் எங்கே போட்டாலும் இதன் பெயர் இருக்கும்.

ஆனால் இதை வெறும் அழுகைக் கதையாக மட்டும் பார்த்தால், முதல் காட்சியிலேயே கண் முன்னால் இருக்கிற விஷயத்தைத் தவற விட்டுவிடுவோம். அந்தப் பையன் ஏன் ஸ்கூலுக்குப் போகவில்லை?

ஜப்பானின் காலி பெஞ்சுகள்

நோய், பண நெருக்கடி போன்ற காரணங்கள் இல்லாமல் ஆண்டுக்கு 30 நாள் அல்லது அதற்கு மேல் பள்ளிக்கு வராத மாணவர்களை ஜப்பான் கல்வி அமைச்சகம் தனியாகக் கணக்கெடுக்கிறது. ‘ஃபுதோகோ’ என்பது அதற்கு அங்கே உள்ள பெயர். அனோஹனா வெளியான 2011 கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் இந்த எண்ணிக்கை 1,17,458. 2024 கல்வியாண்டில் 3,53,970. இடையில் பிள்ளைகளின் மொத்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்த நாடு அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜின்டா மாதிரி உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இந்தக் கணக்கில் சேரவே மாட்டார்கள். அவர்கள் தனியாக சுமார் 68 ஆயிரம் பேர்.

ஏன் வருவதில்லை? பள்ளிகள் தரும் அறிக்கையில் அதிகம் இடம்பெறும் பதில், பள்ளி வாழ்க்கையில் ஆர்வம் இல்லை என்பது. ஏறக்குறைய 30 சதவீதம். ‘ஆர்வம் இல்லை’ என்பது ஒரு காரணமா, இல்லை காரணத்தை மூடி வைக்கிற ஒரு மூடியா? அனோஹனா கையில் எடுப்பது சரியாக இந்தக் கேள்வியைத்தான்.

ஜின்டாவுக்கும் வெளியே இருந்து பார்த்தால் காரணம் சிம்பிள். விரும்பிய உயர்நிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வில் தோற்றான், கிடைத்த பள்ளிக்குப் போகப் பிடிக்கவில்லை. ஃபைலை மூடிவிடலாம். கதை மூடவில்லை. சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவன் அவன். போதாததற்கு, மென்மா இறந்த நாளில் நண்பர்கள் முன்னால் அவளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, அசிங்கமானவள் என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறான். மறுநாள் மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தான். ஆற்றில் விழுந்த அவளுக்கு மறுநாள் வரவில்லை.

ஆறு பேர் கொண்ட அந்த நண்பர் கூட்டம் சண்டை போட்டுப் பிரியவில்லை, இதுதான் இந்தத் தொடரில் எனக்கு ரொம்பப் பிடித்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. ஒவ்வொருவரும் ‘அவள் செத்தது என்னால்தான்’ என்று தனித்தனியாக நம்பிக்கொண்டு, அதை மற்றவரிடம் சொல்லாமல் விலகிப் போனார்கள். ஊர் உலகமெல்லாம் சுற்றிவிட்டு ஜாலியாகத் திரியும் போப்போ கூட, அவள் ஆற்றோடு போனதைப் பார்த்தும் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றவன். அதை அவன் வாய் திறந்து சொல்வதற்குள் தொடரே முடியப் போகிறது.

எழுதியவரின் ஊர், எழுதியவரின் கதை

கதை நடக்கும் இடம் டோக்கியோவுக்கு வடமேற்கே, சைத்தாமா மாகாணத்தில் உள்ள சிச்சிபு. சுற்றிலும் மலை, நடுவில் ஊர். மாரி ஒகாடாவின் சொந்த ஊரும் அதுதான். அவரும் பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்குள் பல வருடங்கள் கழித்தவர். 2017-ல் வெளியான சுயசரிதையில் அதை வெளிப்படையாக எழுதினார். நண்பர்களுக்கு எதிரே வந்தால் ஜின்டா தொப்பியை இறக்கி முகத்தை மறைப்பானே, அந்தக் கூச்சமெல்லாம் கற்பனையில் வந்தது மாதிரி தெரியாததற்கு இதுதான் காரணம்.

மென்மாவின் ஆசையை நிறைவேற்ற நண்பர்கள் செய்யும் ராக்கெட்டும் அந்த ஊர்ச் சரக்குதான். சிச்சிபுவின் யோஷிதா பகுதியில், முகு ஆலயத் திருவிழாவில் ஒவ்வொரு அக்டோபரிலும் ‘ரியூசே’ என்ற ராக்கெட்டுகளை விடுவார்கள். பைன் மரக் குழாயில் கருமருந்தை இடித்து நிரப்பி, நீண்ட மூங்கில் வால் கட்டி ஏவுவது வழக்கம். 2018-ல் இது தேசிய நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. தொடர் முடிந்த அதே 2011 அக்டோபரில் அனோஹனா பெயரிலேயே ஒரு ராக்கெட் அங்கே ஏவப்பட்டது. தொடரில் வரும் பழைய பாலத்தைப் பார்க்க இன்றும் ரசிகர்கள் போகிறார்கள்.

மென்மாவின் ஆசை என்ன?

ஸ்பாய்லர் அலர்ட், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ராக்கெட் மேலே போன பிறகும் மென்மா மறைவதில்லை. அவளுடைய ஆசையே வேறு. மருத்துவமனையில் இருந்த ஜின்டாவின் அம்மாவுக்கு அவள் கொடுத்த வாக்கு அது: அழாமல் அடக்கிக்கொண்டே இருக்கும் ஜின்டாவை அழ வைப்பது. அதாவது, ‘ஆர்வம் இல்லை’ என்று பதிவாகும் பையனிடம் இருந்தது சோம்பேறித்தனம் இல்லை. அழாத ஒரு அழுகை.

குறை இல்லையா? இருக்கு. கடைசி எபிசோடில் எல்லாரும் ஒரே நேரத்தில் கதறுவது கொஞ்சம் ஓவர். ‘என் பொண்ணு போயிட்டா, நீங்க மட்டும் வளர்ந்துட்டீங்க’ என்கிற ரீதியில் வெடிக்கும் மென்மாவின் அம்மாவுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். முடிவில் ஜின்டா ஸ்கூலுக்குத் திரும்புவதும் ரொம்ப சுலபமாக நடந்துவிடுகிறது. ஒகாடாவுக்கே அப்படி நடக்கவில்லை. அவர் சிச்சிபுவை விட்டு டோக்கியோவுக்குப் படிக்கப் போன பிறகுதான் வேறு வாழ்க்கை தொடங்கியது.

ஜப்பான் அரசும் இப்போது ‘திரும்பி வந்தே ஆகணும்’ என்ற இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இந்த மாணவர்களுக்கு ஓய்வு தேவைப்படலாம், பள்ளிக்கு வெளியே கற்பதும் கற்றல்தான் என்பதை 2016 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் ஏற்றுக்கொண்டது. பாடத்திட்டத்தைத் தளர்த்தி நடத்தும் சிறப்புப் பள்ளிகளை 300 ஆக உயர்த்துவது என்று 2023-ல் இலக்கு வைத்தார்கள். அதற்குப் பிறகும் எண்ணிக்கை ஏறியிருக்கிறது, ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது.