பல் போனால் பணப்பையும் போக வேண்டுமா?

'பல் போனால் சொல் போச்சு' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சொல் மட்டுமா போகிறது? சீடை போகிறது, முறுக்கு போகிறது, கரும்பு போகிறது, கல்யாண வீட்டில் வாய் விட்டுச் சிரிக்கும் சுகமும் போகிறது. போதாக்குறைக்குப் பல் வைத்தியர் சொல்லும் தொகையைக் கேட்டதும், மிச்சமிருக்கும் பற்களும் கிட்டிப் போய்விடுகின்றன! "இந்த வயசில் எனக்கு எதற்கப்பா பல்லும் கில்லும்? ரசஞ் சாதம் இறங்கினால் போதும்" என்று வீட்டுப் பெரியவர்கள் எழுந்து வந்துவிடுகிறார்கள்.

அந்தத் தொகையைத்தான் இந்த வாரம் சற்றுப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். புரியாத செலவுதான் பயமுறுத்தும். புரிந்த செலவுக்கு ஒரு வழி பிறக்கும்.

முதலில் ஒரு கேள்வி. பல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா? "வலிக்கிறது, பிடுங்கிவிடுங்கள் டாக்டர், சனியன் விட்டது" என்கிறவர்கள் நம்மில் அநேகர். பிடுங்குவதற்குச் செலவு குறைவுதான். ஆனால் அந்த இடத்தில் வேறு பல் வைக்கப் போகும்போதுதான் உண்மையான 'பில்' வரும். சொத்தை சிறியதாக இருக்கும்போதே போய்விட்டால் சுத்தம் செய்து அடைத்துவிடுவார்கள். சில நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரம், இரண்டாயிரத்தைந்நூறுக்குள் காரியம் முடிந்துவிடும். சொத்தை உள்ளே இறங்கி நரம்பைத் தொட்டுவிட்டால் வேர் சிகிச்சை. அதாவது, கெட்டுப் போன சதையை உள்ளிருந்து எடுத்து, வேரின் குழாய்களைக் கழுவி, அடைத்துவிடுவது. தமிழ்நாட்டுத் தனியார் வைத்தியசாலைகளில் இதற்குச் சுமார் மூவாயிரத்திலிருந்து எட்டாயிரம் ரூபாய் வரை ஆகிறது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வேர் சிகிச்சை முடிந்து வலி நின்றதும், "கேப் எதற்கு? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சொத்தையாலும் சிகிச்சையாலும் பாதி குடையப்பட்ட கடைவாய்ப் பல், ஒரு நாள் பட்டாணி கடிக்கும்போது இரண்டாகப் பிளந்துகொள்ளும். வேர் வரை பிளந்த பல்லைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. கேப்புக்கான பணத்தை மிச்சம் பிடிக்கப் போய், வேர் சிகிச்சைக்குக் கொடுத்த பணமும் பல்லும் சேர்ந்து போய்விடும். உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப் மூவாயிரத்திலிருந்து ஏழாயிரம் வரை. 'ஜிர்கோனியா' என்னும் வெண்மையான உறுதியான ரகம் அதற்கு இரண்டு பங்கு, அதற்கு மேலும் போகும். சிரிக்கும்போது தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு விலை உயர்ந்த ரகம் அவசியந்தானா என்று வைத்தியரிடமே கேட்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சரி, பல் போயே போய்விட்டது. அப்படியே விட்டால் என்ன?

பஸ்ஸில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் ஆசனத்திலிருந்து நடுவில் இருப்பவர் எழுந்துவிட்டால் என்ன நடக்கிறது? பக்கத்தில் இருப்பவர்கள் மெதுவாகச் சரிந்து உட்கார்ந்துகொள்கிறார்கள் அல்லவா? வாயிலும் அதே கதைதான். இரு பக்கத்துப் பற்களும் காலியிடத்தை நோக்கிச் சாயும். எதிர் வரிசைப் பல், தடுப்பார் இல்லாமல் நீண்டுவரும். பல் இருந்த இடத்தில் தாடை எலும்பும் வருஷத்துக்கு வருஷம் தேயும். ஐந்து வருஷம் கழித்துப் பல் கட்டப் போனால், வேலையும் கூடும், செலவும் கூடும். ஆனால் எல்லாப் பொக்கைகளையும் அடைத்தே தீர வேண்டும் என்பதில்லை. ஞானப் பல் போனால் யாரும் திரும்ப வைப்பதில்லை. கடைசிக் கடைவாய்ப் பல் ஒன்று போய், மற்றவற்றால் நன்றாக மெல்ல முடிகிறதென்றால், விட்டுவிடுவதும் ஒரு நியாயமான முடிவே.

வைப்பது என்று தீர்மானித்தால் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, கழற்றி மாட்டும் பல். செலவு மிகக் குறைவு. ஓரிரு பற்களுக்கு ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து சில ஆயிரங்களுக்குள் அடங்கும். பக்கத்துப் பல்லைத் தொட வேண்டியதில்லை. ஆனால் மெல்லும்போது கொஞ்சம் அசையும். தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். இரவில் வாயிலிருந்து எடுத்துத் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் கூடாது, நெளிந்துவிடும்.

இரண்டாவது, பாலம். காலியிடத்தின் இரு பக்கத்துப் பற்களையும் ராவி, அவற்றின் மேல் கேப் மாட்டி, நடுவில் ஒரு பொய்ப் பல்லைத் தொங்கவிடுவது. நிலையானது, சீக்கிரம் முடிவது. ஆனால் கணக்கைக் கவனியுங்கள்: போனது ஒரு பல், பணம் மூன்று பல்லுக்கு. கேப் ஒன்று 5,000 ரூபாய் என்றால் பாலத்துக்கு 15,000. பக்கத்துப் பற்கள் ஏற்கனவே பழுதுபட்டுக் கேப் தேவைப்படுபவையாக இருந்தால் இது நல்ல வியாபாரம். பழுதில்லாத இரண்டு பற்களை ராவ வேண்டுமானால் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் யோசியுங்கள்.

மூன்றாவது, 'இம்ப்ளாண்ட்'. தாடை எலும்பில் டைட்டானியத் திருகு ஒன்றைப் பதித்து, அதன் மேல் பல்லைப் பொருத்துவது. இது வந்த கதை வேடிக்கையானது. 1952-ஆம் வருஷம் ஸ்வீடன் தேசத்தில் பிரானமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்பு எப்படிக் குணமாகிறது என்று பார்க்க முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் பார்த்தால் கருவி வர மறுத்துவிட்டது! எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு அம்மாதிரி திருகுகளைப் பதித்தார். அந்த மனிதர் 2006-இல் காலமாகும் வரை, நாற்பது வருஷங்களுக்கு மேல், அவை உழைத்தன.

இன்று நம் ஊரில் ஓர் இம்ப்ளாண்டுக்கு, மேல் பல்லும் சேர்த்துச் சுமார் 25,000 முதல் 60,000 ரூபாய் வரை ஆகிறது. விளம்பரத்தில் போடும் குறைந்த தொகை பல சமயம் திருகுக்கு மட்டுமே. எலும்பு திருகைப் பற்றிக்கொள்ளப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். வயது ஒரு தடையல்ல. ஆனால் சர்க்கரை வியாதி கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகை பிடிப்பவர்களுக்கும் திருகு பிடிக்காமல் போகும் அபாயம் அதிகம். எலும்புத் தேய்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

எல்லாப் பற்களும் போனவர்களுக்கு முழு 'செட்'. சுமார் பத்தாயிரத்திலிருந்து முப்பது, நாற்பதாயிரம் வரை ரகங்கள் இருக்கின்றன. மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழ்ச் செட்டுத்தான் நாக்கின் ஒவ்வோர் அசைவுக்கும் மிதக்கும். "செட் கட்டினேன், டப்பாவில் கிடக்கிறது" என்று தாத்தா சொல்வது பெரும்பாலும் கீழ்ச் செட்டைத்தான். இதற்கு ஒரு நடுவழி உண்டு. கீழ்த் தாடையில் இரண்டே இரண்டு திருகுகளைப் பதித்து, சட்டைக்குப் பொத்தான் மாட்டுவது போலச் செட்டை அவற்றில் மாட்டிவிடுவது. 2002-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பற்கள் முழுதும் போன கீழ்த் தாடைக்கு இதையே முதல் சிகிச்சையாகக் கருத வேண்டும் என்று சொன்னார்கள். பழைய செட் தளர்ந்துவிட்டால் உடனே புதிது வாங்க வேண்டுமென்பதும் இல்லை. தேய்ந்த ஈறுக்கு ஏற்றபடி உட்புறத்தை நிரப்பிக் கொடுப்பார்கள், செலவு கொஞ்சந்தான்.

இவ்வளவும் நம் கைக்கு எட்டாது என்பவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கும் அரசு கல்லூரி 1953-ஆம் வருஷத்திலிருந்து நடந்து வருகிறது. இத்தகைய இடங்களில் ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள். பணம் குறைவு, நாலைந்து தடவை நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று, சந்தை ஓரத்தில் "ஒரே நாளில் பல் கட்டப்படும்" என்று பலகை மாட்டியிருப்பவரிடம் மட்டும் போகாதீர்கள். பக்கத்துப் பற்களோடு கம்பியும் பசையும் சேர்த்து ஒட்டிவிடுவார். கழற்றவும் முடியாது, கழுவவும் முடியாது. ஈறு அழுகி, இருந்த பற்களும் ஆடிப் போகும்.

வைத்தியரிடம் போகும்போது ஐந்து கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? வேறு வழிகள் என்னென்ன? சொல்லும் தொகையில் எக்ஸ்ரேயும் மேல் பல்லும் சேர்த்தியா? இது எத்தனை வருஷம் உழைக்கும். பழுதானால் யார் பொறுப்பு? நல்ல வைத்தியர் இவற்றுக்கு முகம் சுளிக்கமாட்டார்.

கடைசியாக ஒரு விஷயம். நம் வீடுகளில் அம்மா, மாமியார், பெரியப்பா என்று யாராவது சில மாதங்களாகச் சப்பாத்தியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார்கள். வெண்டைக்காய் நடுவே கொத்தவரங்காயை மட்டும் ஒதுக்குகிறார்கள். கேட்டால், "பசி இல்லையம்மா" என்கிறார்கள். நாமும் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று அவர்கள் வாயைத் திறப்பதில்லை, இரண்டு அர்த்தத்திலும்தான்! இன்று ராத்திரி சாப்பாடு பரிமாறும்போது தட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மெல்லக் கஷ்டமாக இருக்கிறதா என்று நீங்களே கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குக் காசு கிடையாது.