புதுக் காரும் காப்புத் திட்டமும்

புதுக் கார் வாங்கும் அங்கத்தினரிடம் 'நீட்டிப்பு வாரண்டி', பெயிண்ட் காப்பு முதலியவற்றையும் விலைச்சீட்டில் சேர்த்துக் கையொப்பம் கேட்கின்றனர். சட்டம் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு அதனை 3 ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுத்தல் வேண்டும். நீட்டிப்பு வாரண்டியும் பெயிண்ட் காப்பும் அவரவர் விருப்பம். அத்தொகை கார்க் கடனில் சேருமாயின் வட்டியும் ஏறும் என்பதை விற்பவர் சொல்வதில்லை.

நீட்டிப்பு வாரண்டி, கம்பெனி வாரண்டி முடிந்த பின்னரே உயிர் பெறுகிறது. அது முடியுமுன் வாங்கிக்கொள்ளப் பெரும்பாலும் இடமுண்டு. விலை சற்றுக் கூடலாம். பிரேக் கட்டை, கிளட்ச் தட்டு, டயர் அதில் அடங்கா. நாம் அடிக்கடி மாற்றுபவை இவைதாமே! ஆட்டோமாட்டிக் கியர் வண்டியை நெடுநாள் வைத்திருப்போர் வாங்கலாம். மூன்றாண்டில் விற்போருக்கு அது வீண். பெயிண்ட் காப்பை எவருக்கும் நாம் சிபாரிசு செய்யோம்.