பச்சை உடம்புக்காரியிடம் கேட்கப்படாத கேள்வி

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் லாட்ஜ்களுக்கு ஆள் தேவைப்படும். அறை கூட்ட, படுக்கை விரிப்புத் துவைக்க, பாத்திரம் கழுவ நம் தெருக்களிலிருந்து பெண்கள் போகிறார்கள். சீசன் முடிந்தால் வீட்டில் பீடி. தமிழக அரசுப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதப் பேறுகால விடுப்பு உண்டு. இவர்களுக்கோ, தையல் ஆறுமுன்பே பீடித் தட்டு மடியில் ஏறிவிடுகிறது.

அந்தத் தாய் தூக்கமில்லாமல் அழுதால், பிள்ளையைத் தூக்க மனமில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், எங்கள் பக்கம் இரண்டு பெயர்தான் வைப்பார்கள்: 'காத்து கருப்பு', இல்லையென்றால் 'திமிரு'. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்பது ஏதோ வசதியானவர் வீட்டு நோய் என்று நினைப்பு. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு, பிரசவித்த பெண்களில் 11 விழுக்காட்டினருக்கு அது புதிதாக வந்ததைக் காட்டியது. காரணங்களில் சில: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடு உரசல், கைவேலைக்கு உதவி இல்லாதது. ஹார்மோனுக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் இருப்பது கூலியும் வீட்டுக்குள் நடக்கும் அதிகாரமும்.

நாங்கள் வீடு வீடாகப் போகும்போது இதோடு இன்னொன்றும் காதில் விழுகிறது. "எனக்கு இப்ப வேண்டாம்னுதான் சொன்னேன்" என்ற சொல். கர்ப்பம் அவள் முடிவாக இல்லாதபோது, பிறகு வரும் மனச்சோர்வை மட்டும் தனியாக எடுத்து மாத்திரை கொடுப்பதில் என்ன நியாயம்?

சட்டம் இந்தத் தொடர்பை எப்போதோ ஒப்புக்கொண்டது. கருத்தடை தோற்று உண்டான கர்ப்பம் தரும் வேதனையைப் பெண்ணின் மனநலத்துக்கான கடும் பாதிப்பாகக் கருதலாம் என்று 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டமே சொல்கிறது. அன்று அது மணமான பெண்ணுக்கு மட்டும். 2021 திருத்தம் அந்த வேலியை எடுத்தது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளது சம்மதம் மட்டும் போதும், புருஷன் கையெழுத்து தேவையில்லை. நடைமுறையில் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்கிறார்கள். "கலைக்கணும்னா கூடவே ஆபரேஷனும் பண்ணிக்கோ" என்று நிபந்தனை போட்டதாகச் சொன்ன பெண்களும் உண்டு.

'குடும்பக் கட்டுப்பாடே நம் சனத்தைக் குறைக்கும் சதி' என்று நம் தோழர்கள் சிலர் பேசுவார்கள். அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூரில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை செய்த முகாமில் பலர் செத்துப்போனார்கள். ஏழை, தலித், ஆதிவாசி, பிற்பட்ட வகுப்புப் பெண்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. ஆனால் அதற்காகக் கருத்தடையே வேண்டாம் என்பது, முடிவை அரசிடமிருந்து பிடுங்கிப் புருஷனிடம் கொடுப்பது. 1938 நவம்பர் 10 அன்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடை வசதி கோரும் தீர்மானம் வந்ததும், அதன் பின்னால் அம்பேத்கர் இருந்ததும் நினைவிருக்கட்டும். தோற்கடித்தார்கள். பெரியாரும் கருத்தடையை மக்கள்தொகைக் கணக்காகப் பேசவில்லை, பெண் விடுதலையாகவே பேசினார்.

இன்றைய நிலை? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழகத்தில் பெண் கருத்தடை அறுவை சுமார் 58 விழுக்காடு, ஆண் கருத்தடை 0.1. கத்தி யார் வயிற்றில் என்பதில் சந்தேகமே இல்லை. (வாசக்டமி எளிது என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள், எத்தனை பேர் எழுந்து போகிறார்கள் என்று தெரியும்.)

கிராம சுகாதார செவிலியர் எப்படியும் வீட்டுக்கு வருகிறார். ரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின் எல்லாம் பார்க்கிறார். எடின்பரோ மனச்சோர்வு அளவுகோலில் பத்துக் கேள்விகள்தான். தமிழ் வடிவம் வேலூரில் சோதிக்கப்பட்டு 2005இலேயே வெளிவந்தது. ஐந்து நிமிட வேலை. செவிலியர்மேல் ஏற்கெனவே சுமை அதிகம், கூடுதல் பணியிடமும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 15 கிராம சபை வருகிறது. மாணவத் தோழர்கள் உங்கள் ஊராட்சியில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்: பத்துக் கேள்விகளோடு 'இந்தப் பிள்ளை உன் முடிவா, அடுத்தது எப்போது, வேண்டுமா' என்பதையும் கேட்க வேண்டும். மாமியாரும் புருஷனும் பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும். அதுவரை யாருக்காவது உடனே பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் எண் 14416, இலவசம்.