முதற் கருவி எளிய கருவியாகட்டும்

தாம் நிற்குமிடம் புவியின் மீது எவ்விடம் என்றறிய மாந்தர் பட்ட பாடு சிறிதன்று. பதினோராம் நூற்றாண்டில் அறிஞர் அல்பிரூனி, இன்று பாகிஸ்தானிலுள்ள நந்தனாவில் மலையேறி, அடிவானம் தாழ்ந்து தோன்றும் கோணத்தை அளந்து புவியின் ஆரத்தைக் கணித்தார். 1802 ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே அளவைச் சங்கிலியை விரித்துத் தொடங்கிய பணிக்கு அரை டன் எடையுள்ள கோணமானி தேவைப்பட்டது. அவ்வேலையில் ஒரு பகுதியை இன்று சட்டைப்பையில் அடங்கும் ஜி.பி.எஸ். கருவி நொடிப்பொழுதில் செய்கிறது.

அக்கருவி விளையாட்டுப் பொருளானதும் ஒரு கதையே. குடிமக்களுக்குரிய செயற்கைக்கோள் குறிப்புகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. நூறு மீட்டர் வரை தவறும். 2000 மே முதல் நாளோடு அத்தடை நீங்கியது. மே 3ஆம் நாள் டேவ் உல்மர் என்பார் ஆரிகன் காட்டில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகைகளை மட்டும் அறிவித்தார். ஜியோகேச்சிங் எனப்படும் புதையல் வேட்டை அவ்வாறு பிறந்தது.

இவ்விளையாட்டில் நாட்டங்கொள்ளும் நம் மாணாக்கர் முதற் கருவியாக எதனை வாங்கலாம்? கைப்பேசியே போதும் என்பார் கூற்றில் உண்மை உண்டு. ஊருக்குள் தேட அதுவே போதும். ஆயினும் நண்பகல் வெயிலில் மங்காத திரையும், கடையில் கிடைக்கும் இரண்டு பேட்டரிகளில் நாள் முழுதும் உழைக்கும் ஆற்றலும், பாறையில் விழுந்தாலும் தாங்கும் உடலும் தனிக்கருவிக்கே உரியன. வண்ண வரைபடங்களுக்காகப் பெற்றோர் பணத்தைக் கொட்டுதல் வேண்டா என்பது நம் துணிபு. 2023இல் வெளிவந்த கார்மின் ஈடிரெக்ஸ் எஸ்.ஈ. போன்ற, பொத்தான்கள் கொண்ட எளிய கருவியே தொடக்கத்திற்குச் சாலும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. அது மின்னணுத் திசைகாட்டி. அஃதில்லாத கருவியின் அம்புக்குறி நடக்கும்போதுதான் திசை சொல்லும். புதையலருகே நின்று நோக்கும்போதோ தடுமாறும். நின்ற இடத்திலேயே திசை தேவைப்படும் மற்றொரு வேளையும் நமக்கு உண்டு. ராணிப்பேட்டையிலிருந்து கிப்லா நேர்மேற்கு அன்று. ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்தது. அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கொண்டு இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது மாணாக்கர்க்கு நல்ல பயிற்சி.

வாங்கியபின் முதலில் கற்க வேண்டியது எண்களை எழுதும் முறை. நம்மூரின் அட்சரேகை ஏறத்தாழ 12 பாகை 56 கலை. அதனைப் பதின்மக் கணக்கில் 12.93 என்று எழுதாமல் 12.56 எனப் பதிந்தால், கருவி நம்மை நாற்பது கிலோமீட்டர் தெற்கே, ஆரணியையும் கடந்து அனுப்பிவிடும். குற்றம் கருவியினுடையதன்று!

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பவும் வல்ல கருவிகள் வேறு உள்ளன. கார்மின் இன்ரீச் அவற்றுள் ஒன்று. வெளிநாட்டு உறவினர் அன்பளிப்பாகக் கொணர்ந்தாலும் அதனை ஏற்றல் கூடாது. அரசின் இசைவின்றி அத்தகையதை வைத்திருத்தல் இந்தியாவில் குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் இதன் பொருட்டே பிடிபட்டார். வளைகுடா நாடுகளில் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் மிகுந்த நம் பகுதியில் இதனைப் பலரும் அறிந்திருத்தல் நன்று.

இனி, எங்கே ஒளிப்பது? ஆர்க்காட்டு டில்லி வாயில் போன்ற வரலாற்றுச் சின்னங்களின் கல்லிடுக்குகளைத் தோண்டலாகாது. பேருந்து நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி காவல்துறையைத்தான் வரவழைக்கும். இவற்றினும் கொடிது ஒன்றுண்டு. உலகின் மிக மாசுற்ற பத்து இடங்களின் பட்டியலில் 2006ஆம் ஆண்டு நம் ராணிப்பேட்டையும் இடம்பெற்றது. மூடப்பட்ட குரோமேட் ஆலையில் குவிந்த குரோமியக் கழிவு அவ்விழிவுக்கு முதன்மையான காரணம். தொழிற்பேட்டைப் பக்கம் ஆளரவமற்ற நிலத்தைக் கண்டு மறைவிடம் வாய்த்ததென்று மகிழ்ந்து மண்ணில் கைவிடும் இளைஞன், அம்மண்ணில் என்ன கலந்துள்ளது என்பதைத் திரையில் காண இயலாது. ஆகவே அப்பகுதியில் பெட்டியைப் புதைத்தலும் வேண்டா, பிறரை அங்குத் தேட விடுதலும் வேண்டா. கல்லூரி வளாகத்து மரநிழலில், முதல்வரின் இசைவு பெற்று, உள்ளிருப்பது தெரியும் கண்ணாடிப் புட்டியில் முதற் புதையலை வைக்கலாம்.